துணைக்கு வந்த பதின்மூன்று

கோவில்பட்டியில் ஓர் அச்சகம் இருந்தது. அந்த அச்சகத்தில் ஒரு கணினி இருந்தது. அந்தக் கணினிக்குள் ஓர் ஊர் இருந்தது.

ஊருக்கு ஒரே வாசல். வெளியிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் மூட்டையாகக் கட்டப்பட்டுத்தான் வருவார்கள். மூட்டையை அவிழ்த்து, உள்ளே இருப்பவர்களை ஊருக்குள் விடுவது அவிழ்ப்பானின் வேலை. அவனைப்போல் நல்லவன் அந்த ஊரில் வேறு யாரும் இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பெங்களூரிலிருந்து ஒரு மூட்டை வந்து இறங்கியது. அதற்குள் இரண்டு பேர். ஒருவர் அறிவிப்பு, 'காணவில்லை' என்று தொடங்கும் ஒரு சின்னக் கடிதம். இன்னொருத்தி செவலை, ஒரு நாயின் படம். நாயின் பெயரையே படத்துக்கும் வைத்திருந்தார்கள்.

வழியெல்லாம் இருவரும் மடங்கிச் சுருங்கிக் கிடந்தார்கள்.

"வந்துவிட்டோமா?" என்று கேட்டாள் செவலை.

"வந்துவிட்டோம் போலிருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்கிறது" என்றார் அறிவிப்பு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் மனிதர்கள். அச்சகத்தை நடத்தும் செண்பகம் கணினியின் முன் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார் பரமசிவன். தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்பவர்.

"வந்துருச்சா, செண்பகம்?"

"வந்துருச்சு அண்ணாச்சி. மூட்டையைப் பிரிச்சிட்டா முடிஞ்சுது. உக்காருங்க, நின்னுக்கிட்டே இருந்தா நாய் வந்துருமா?"

"உக்கார முடியலைம்மா. கோயில் கொடைத் திருவிழாவுல வெடி போட்டான் பாரு, அன்னிக்கு மிரண்டு ஓடுனவதான். வண்டிக்குப் பின்னாடி அவ வாற சத்தம் இல்லாம எனக்கு வண்டியே தள்ள ஓடல."

"படம் இது ஒண்ணுதானா?"

"அவ எங்க நிக்கா படம் எடுக்க? பெங்களூர் மருமகன் ஊருக்கு வந்தப்ப என்னமோ மாயம் பண்ணி ஒண்ணு எடுத்தான். இன்னிக்குச் சாயங்காலம் சந்தை. சுத்துப்பட்டு ஊரெல்லாம் வரும். அதுக்கு முன்னால நாலு சுவத்துல ஒட்டிட்டோம்னா, எவராச்சும் பாத்திருந்தாச் சொல்லுவாக."

செவலை இதைக் கேட்டாள். மடங்கிக் கிடந்தபடியே நிமிர்ந்துகொள்ளப் பார்த்தாள். அவளிடம் இருந்தது வண்டிச் சக்கரத்தின் அருகில் ஒரு நாய். ஒரு காது விறைத்து நிற்கும், மற்றக் காது மடங்கித் தொங்கும், வால் நுனியில் மட்டும் வெள்ளை. அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கண்ணாடியில் சேர்ப்பதுதான் அவளுடைய ஒரே வேலை.

அப்போது மூட்டையின் வாய் திறந்தது.

"வாங்க, வாங்க!" என்றான் அவிழ்ப்பான். "அடடா, எப்படி நசுங்கிப்போய் வந்திருக்கிறீர்கள்! பொறுங்கள், முதலில் முத்திரையைப் பார்த்துவிடுகிறேன்."

மூட்டையின் வாயில் ஒரு முத்திரை இருந்தது. கட்டும்போது உள்ளே வைத்தது அப்படியே இருக்கிறதா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். அவிழ்ப்பான் ஒவ்வொருவரையும் முத்திரையோடு ஒத்துப் பார்த்தான்.

"சரியாக இருக்கிறது. ஒரு குறையும் இல்லை" என்றான். மூட்டை பெருமையாக ஒரு மூச்சு விட்டது.

"இனி உங்களைக் கொஞ்சம் சரிசெய்து அனுப்புகிறேன்" என்று அவிழ்ப்பான் பக்கத்தில் இருந்த கூடையை இழுத்துக்கொண்டான். கூடை நிறையப் பதின்மூன்றுகள் உட்கார்ந்திருந்தன.

பதின்மூன்றுகள் எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். கணினிக்குள் இருக்கும் எல்லாருக்கும் உடம்பு ஒரே மாதிரிதான்: எண்களின் வரிசை. கடிதமானாலும் படமானாலும் பாட்டானாலும் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கடிதத்தில் பத்து என்ற எண் வந்தால், 'அடுத்த வரிக்கு இறங்கு' என்று பொருள். பதின்மூன்று வந்தால், 'ஓரத்துக்குத் திரும்பு' என்று பொருள். இந்த ஊர் வழக்கப்படி இருவரும் சேர்ந்தே வர வேண்டும். முதலில் பதின்மூன்று, பின்னாலேயே பத்து. ஆனால் மூட்டை வந்த ஊரில் வழக்கம் வேறு. அங்கே பத்து ஒருவனே இரண்டு வேலையையும் பார்த்துவிடுவான்.

அந்த ஊர்க் கடிதங்கள் இங்கே வந்தால், வரிகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே நீளமாகக் கிடக்கும். ஒரு முறை கல்யாணப் பத்திரிகை ஒன்று அப்படி வந்து, மாப்பிள்ளை பெயரோடு பஸ் ரூட்டும் சேர்ந்துவிட்டது. அன்றைக்குச் செண்பகம் எரிச்சலில் அவிழ்ப்பானுக்கு ஓர் அனுமதி கொடுத்தாள். 'வரிகளைச் சரிசெய்' என்ற கட்டத்தில் ஒரு டிக். அதோடு அவள் அதை மறந்துபோனாள். அவிழ்ப்பான் மறக்கவில்லை.

அவன் அறிவிப்பை எடுத்தான். தனியாக நின்ற ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் ஒரு பதின்மூன்றை நிறுத்தினான். ஒட்டிக் கிடந்த வரிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, இறங்கி, ஓரம் பிடித்து நின்றன.

"ஆகா!" என்றார் அறிவிப்பு. "இவ்வளவு நேரம் எனக்கு மூச்சே முட்டியது. உங்களுக்கு என்ன நன்றி சொல்வது!"

"நன்றியெல்லாம் எதற்கு? அடுத்து நீ வா, தாயி."

செவலை வந்தாள். அவிழ்ப்பானின் விரல்கள் அவளுக்குள் விறுவிறுவென்று ஓடின. ஒரு பத்தைப் பார்த்தால் ஒரு பதின்மூன்று. இன்னொரு பத்து; இன்னொரு பதின்மூன்று. மடங்கிய காதுக்குப் பக்கத்தில் யாரோ இடித்துக்கொண்டு நுழைந்ததுபோல் இருந்தது அவளுக்கு. பிறகு கழுத்தில். பிறகு வாலில். வலிக்கவில்லை. ஆனால் எங்கேயோ நெரிசலாக இருந்தது.

"முடிந்தது. இப்போது பார், எவ்வளவு லட்சணமாக இருக்கிறாய்!" என்றான் அவிழ்ப்பான்.

செவலை தன்னைப் பார்க்கவில்லை. அவளுக்கு அவசரம். நேராகக் கண்ணாடியை நோக்கி ஓடினாள்.

கண்ணாடிக்கு முன்னால் படங்காட்டி நின்றான். படங்களைக் கண்ணாடியில் ஏற்றுவது அவன்தான். சிரிக்கவே தெரியாத முகம்.

"நெற்றியைக் காட்டு" என்றான்.

காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான்.

"நீ படம் இல்லை."

"என்னது?"

"நெற்றி சரியில்லை. போ."

கண்ணாடியின் நடுவில் ஒரு சின்னக் கட்டம் எழும்பியது. 'இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை.'

"என்னம்மா, என்ன சொல்லுது?" என்றார் பரமசிவன்.

"எழுத்து நல்லா வந்துருக்கு அண்ணாச்சி. படம்தான்... இருங்க, இன்னொரு தடவ பாப்போம்."

இன்னொரு தடவையும் படங்காட்டி அதையேதான் சொன்னான்.

செவலைக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் படம் இல்லையென்றால் வேறு யார்? அவள் ஓர் ஓரமாகப் போய்த் தன் வரிசையைத் தலை முதல் வால் வரை பார்த்தாள். எல்லாரும் இருந்தார்கள். மூக்கின் ஈரம் இருந்தது. மீசை முடி இருந்தது. வால் நுனி வெள்ளை இருந்தது. ஒருவரும் காணாமல் போகவில்லை. அப்புறம் என்ன குறை?

மடங்கிய காதுக்கு அருகில் முன்பின் தெரியாத ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்கள் யார்?" என்று கேட்டாள்.

"பதின்மூன்று."

"இங்கே என்ன செய்கிறீர்கள்?"

"அதை நானே உன்னிடம் கேட்க வேண்டும் என்று இருந்தேன். பத்துக்குத் துணையாகப் போ என்றார்கள், வந்தேன். 'ஓரத்துக்குத் திரும்பு' என்று சொல்ல வேண்டும். யாரைத் திரும்பச் சொல்வது? இங்கே வரியும் இல்லை, ஓரமும் இல்லை. காதுதான் இருக்கிறது."

அவர் பக்கத்தில் நின்ற பத்து சங்கடமாக நெளிந்தான். "நான் துணையெல்லாம் கேட்கவில்லை. காது மடிப்பில் விழும் நிழல் நான். இங்கே இவ்வளவு இருட்டு என்று காட்டுவதோடு என் வேலை முடிந்தது. இறங்கு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை."

பின்னாலிருந்து மூக்கு கத்தியது. "ஏய், யார் நடுவில் நுழைந்தது? என்னை ஓர் இடம் தள்ளிவிட்டார்கள்!"

அதற்கும் பின்னாலிருந்து கழுத்து கத்தியது. "ஓர் இடமா? எனக்கு முன்னால் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்றே தெரியவில்லை. நான் இப்போது நிற்பது கழுத்தா, வண்டிச் சக்கரமா?"

வால் நுனி வெள்ளைக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியவில்லை.

செவலை வாசலுக்கு ஓடினாள். வழியில் அறிவிப்பு உட்கார்ந்து தன் வரிகளைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார்.

"அவிழ்ப்பான் எனக்கு ஏதோ செய்துவிட்டான்" என்றாள்.

"அவனா? எனக்கும்தான் செய்தான். பார், எவ்வளவு நன்றாக இருக்கிறேன். அதே கை, அதே கூடை. அவனைக் குறை சொல்லாதே, பாவம்."

"அப்படியானால் என்னிடம்தான் குறையா?"

"அப்படி நான் சொல்லவில்லையே" என்றார் அறிவிப்பு. ஆனால் அப்படித்தான் சொன்னது போல் இருந்தது.

மூட்டையைக் கேட்டாள். "என்னைத் திட்டாதே. நான் உன்னை முழுசாகக் கொண்டுவந்து சேர்த்தேன். முத்திரை சரியாக இருந்தது. அவனே சொன்னானே, நீயும் கேட்டாயே" என்றது மூட்டை.

அவிழ்ப்பானைக் கேட்டாள். அவன் முகம் வாடிவிட்டது.

"நானா? செண்பகம் அம்மாவே எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறாள். முத்திரையைப் பார்க்காமல் நான் யாரையாவது உள்ளே விட்டிருக்கிறேனா?"

"முத்திரையை எப்போது பார்த்தீர்கள்?"

"அவிழ்த்தவுடன்."

"அதற்கப்புறம்?"

"அதற்கப்புறம் உன்னைச் சரிசெய்தேன்."

"சரிசெய்த பிறகு பார்த்தீர்களா?"

அவிழ்ப்பான் விழித்தான். "சரியாக இருந்ததைத்தானே சரிசெய்தேன். அப்புறம் எதற்குப் பார்ப்பது?"

செவலைக்குத் தலை சுற்றியது. மூட்டை சொல்வது சரி. அறிவிப்பு சொல்வது சரி. அவிழ்ப்பான் முத்திரையைப் பார்த்ததும் சரி. படங்காட்டி சொல்வதுகூட, இப்போது நினைத்துப் பார்த்தால், சரி. எல்லாரும் சரி. அவள் மட்டும் உடைந்துபோய் நிற்கிறாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செண்பகம் போனைக் காதில் வைத்திருந்தாள்.

"உங்க மருமகன் எடுக்க மாட்டேங்காரு அண்ணாச்சி."

"ஷிப்டுல இருப்பான். உள்ள போன் கொண்டு போகக் கூடாதாம். ராத்திரி பத்து மணிக்கு மேலதான் கெடைப்பான்."

"அதுக்குள்ள சந்தை கலைஞ்சிரும்."

"ஆமா."

செண்பகம் போனை மேசையில் வைத்தாள்.

"படம் இல்லாமப் போட்டுருவோமா? எழுத்து இருக்குல்ல. செவலை நெறம், ஒரு காது மடங்கி இருக்கும், வால் நுனி வெள்ளைன்னு" என்றாள் செண்பகம்.

"போடும்மா. ஆனா இந்த ஊர்ல செவலை நாய் எத்தன திரியுது. எழுத்தைப் படிச்சுட்டா யாரு நாயைத் தேடப் போறா? மூஞ்சியப் பாத்தாத்தான் 'ஏ, இவள நான் பாத்தனே'ன்னு தோணும்."

செவலை மறுபடி படங்காட்டியிடம் போனாள். இந்த முறை கெஞ்சவில்லை. "என் நெற்றியில் என்ன தவறு? அதையாவது சொல்லுங்கள்" என்றாள்.

படங்காட்டி அவளை ஒரு கணம் பார்த்தான். இதுவரை திருப்பி அனுப்பப்பட்ட யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை.

"உன் வகைப் படங்களுக்கெல்லாம் நெற்றியில் ஓர் அடையாளம் உண்டு. ஒரு ஜோடி; பதின்மூன்றும் பத்தும். அப்புறம் நடுவில் காவலாளாக வேறோர் எண். அப்புறம் துணையில்லாத ஒற்றைப் பத்து. உன் நெற்றியைத் தொட்டுப் பார்."

தொட்டுப் பார்த்தாள். ஒரு ஜோடி இருந்தது. காவலாள் இருந்தான். அடுத்து ஒற்றையாக நிற்க வேண்டிய பத்துக்குப் பக்கத்திலும் ஒரு பதின்மூன்று நின்றது.

"இரண்டும் ஜோடியாக இருக்கின்றன."

"உன் வகையை உண்டாக்கியவர்கள் தெரிந்துதான் அப்படி வைத்தார்கள். ஜோடி சேர்க்கும் கை பட்டால் ஒற்றை ஜோடியாகிவிடும். ஜோடி பிரிக்கும் கை பட்டால் ஜோடி ஒற்றையாகிவிடும். எந்தக் கை பட்டாலும் நெற்றியில் தெரிந்துவிடும். நெற்றியில் இது என்றால், உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று பார்க்கவே வேண்டாம்."

செவலை திரும்பவும் வாசலுக்கு ஓடினாள். நெற்றியைக் காட்டி, எல்லாவற்றையும் அவிழ்ப்பானிடம் சொன்னாள். அவன் கண் கலங்கிவிட்டது.

"நல்லதுதானே நினைத்தேன்!" என்றான். உடனே முகம் தெளிந்தது. "இதற்கா இவ்வளவு கவலை? போட்டவன் நான்தானே. நானே எடுத்துவிடுகிறேன். அசையாமல் நில்."

"பொறுங்கள், அதற்கு முன்னால்..."

அவிழ்ப்பான் பொறுக்கவில்லை. நல்லது செய்யும்போது அவனுக்குக் காது கேட்காது. விரல்கள் மறுபடி ஓடின. பத்துக்கு முன்னால் நின்ற பதின்மூன்றுகளையெல்லாம் பிடித்துப் பிடித்துக் கூடையில் போட்டான். கூடை நிரம்பியது. நிரம்பி வழிந்தது.

"முடிந்தது! இப்போது எப்படி..." என்றவன் கூடையைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "நான் கொண்டுவந்ததைவிட அதிகமாக இருக்கிறதே."

கூடையின் மேல் இருந்த ஒரு பதின்மூன்று கத்தியது. "என்னை எதற்கு எடுத்தாய்? நான் உன் கூடை ஆள் இல்லை. பிறந்ததிலிருந்தே செவலையின் கண்ணில் இருப்பவன்! என் பக்கத்தில் தற்செயலாக ஒரு பத்து நின்றான், அவ்வளவுதான்!"

"அடக் கடவுளே. நீ சொல்லியிருக்கலாமே."

"நீ கேட்டாயா?"

அவிழ்ப்பான் கூடையைக் கவிழ்த்தான். எல்லாப் பதின்மூன்றுகளும் ஒரே அச்சு. எது வீட்டு ஆள், எது விருந்தாளி, யாராலும் சொல்ல முடியவில்லை. கண்ணிலிருந்து வந்தவன்கூட, கண்ணில் எந்த இடம் என்று கேட்டபோது திகைத்துப் போனான். "பக்கத்தில் ஒரு பத்து இருந்தான்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

செவலை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு பத்துகள். இரண்டும் ஒற்றை.

முன்பு அவளுக்குள் வேண்டாதவர்கள் இருந்தார்கள். இப்போது வேண்டியவர்கள் இல்லை. முன்பு ஆட்கள் கூடியதால் அவள் அவளாக இல்லை. இப்போது குறைந்ததால் இல்லை. நடுவில் எங்கேயோ அவள் சரியாக இருந்த இடம் ஒன்று இருந்தது. அதைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டாள். திரும்பிப் போகும் வழி அவளுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை.

"முழுசாக இருப்பவள் ஒருத்திதான்" என்று மெதுவாகச் சொன்னது மூட்டை. "எனக்குள் இருக்கிறாளே, அவள்."

"உனக்குள்ளா? அவிழ்த்தபோது நான் வெளியே வந்துவிட்டேனே."

"வந்தது நீதான். ஆனால் உள்ளே இருந்தது போகவில்லை. மூட்டையில் போட்டது மூட்டையிலேயே இருக்கும். அதைப் பார்த்து இன்னொரு முறை அவிழ்க்கலாம்."

இது செவலைக்குப் புரியவில்லை. நான் இங்கே நிற்கிறேன். அப்படியானால் உள்ளே இருப்பது யார்? ஆனால் கேட்க நேரம் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து செண்பகத்தின் குரல் வந்தது.

"பிரிச்சாச்சு. இந்த மூட்டை எதுக்கு எடத்தை அடைச்சுக்கிட்டு."

அவளுக்கு மேசை எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும். கணினிக்குள்ளும் அப்படித்தான். ஒரு பெரிய கை வந்ததுபோல மூட்டை அப்படியே மேலெழும்பி, ஊர்க்கோடியில் இருந்த குப்பைக்கூடையில் விழுந்தது.

"மூட்டையே!" என்று கத்தினாள் செவலை.

"இன்னும் இருக்கிறேன்!" என்று கூடைக்குள்ளிருந்து குரல் வந்தது. "கூடையைக் காலி செய்யும்வரை இருப்பேன்!"

செண்பகம் அடுத்து செவலையைக் குப்பையில் போடக் கையை நீட்டினாள். திறக்காத படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அப்போது செவலையின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த அளவு அவள் கண்ணில் பட்டது. கை நின்றது.

"அண்ணாச்சி, ஒரு வேடிக்கையைப் பாருங்க."

"என்ன?"

"மொதல்ல தொறக்கப் பாத்தப்ப இந்தப் படம் ஒரு அளவு காட்டுச்சு. இப்பச் சின்னதாக் காட்டுது."

"படம் இளைக்குமா?"

"அதான் எனக்கும் புரியல. இருங்க." குப்பைக்கூடையைத் திறந்தாள். மூட்டையை வெளியே எடுத்தாள். அவிழ்க்காமல் உள்ளே எட்டிப் பார்த்தாள். "இங்க பாருங்க. மூட்டைக்குள்ள இருக்குறப்ப வேற அளவு. அது இந்த ரெண்டும் இல்ல."

"அப்படின்னா?"

"அனுப்புனவர் மேல தப்பு இல்ல. வழியிலயும் தப்பு இல்ல. பிரிக்கிறப்பதான் என்னமோ ஆகுது." அவள் நகத்தைக் கடித்தாள். அவிழ்ப்பானின் கட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒரு கட்டத்தில் டிக் இருந்தது. வரிகளைச் சரிசெய்.

"அட" என்றாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "படத்துல ஏது அண்ணாச்சி வரி?"

"எனக்கு என்ன தெரியும்? எனக்கு நாயைத்தான் தெரியும்."

அவள் டிக்கை எடுத்தாள். மூட்டையை மறுபடி வாசலில் வைத்தாள்.

அவிழ்ப்பான் மூட்டையைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டான். "நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்று செவலையைக் கேட்டான்.

"அவிழ்க்க வேண்டும்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒன்றும் செய்ய வேண்டாம்."

"ஒன்றுமேவா? ஒரு சின்ன..."

"ஒன்றுமே."

அவன் கூடையைக் காலால் தள்ளி வைத்தான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மூட்டை திறந்தது. உடனே கண்ணாடியில் ஒரு கேள்வி எழும்பியது. 'அறிவிப்பு என்ற பெயரில் ஏற்கனவே ஒரு கோப்பு உள்ளது. மாற்றவா?'

அறிவிப்பின் வரிகளெல்லாம் வெலவெலத்தன. "வேண்டாம் தாயே! மறுபடி ஒட்டிக்கொண்டு கிடக்க என்னால் முடியாது!"

"அது நல்லாத்தான் இருக்கு, இருக்கட்டும்" என்று செண்பகம் விட்டுவிட்டாள். அறிவிப்பு நாற்காலி கிடைத்ததுபோல் உட்கார்ந்தார்.

அடுத்த கேள்வி வந்தது. 'செவலை என்ற பெயரில் ஏற்கனவே ஒரு கோப்பு உள்ளது. மாற்றவா?'

செவலைக்கு இப்போதுதான் பயம் வந்தது.

"மூட்டையே, அவள் வந்தால் நான் என்ன ஆவேன்?"

"நீ இருக்கும் இடத்தில்தான் அவள் வந்து நிற்பாள்."

"அப்படியானால் நான் போய்விடுவேனா?"

"போவது நீ இல்லை என்று நினைக்கிறேன்" என்றது மூட்டை. பிறகு, "நிச்சயமாகத் தெரியாது. நான் மூட்டைதானே" என்றது.

செவலை கண்ணாடியைப் பார்த்தாள். பரமசிவன் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் எதிர்பார்ப்புக்கூட இல்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது இவளும் இல்லை, உள்ளே இருப்பவளும் இல்லை. ஒரு மடங்கிய காது. அது யார் வழியாகப் போய்ச் சேர்ந்தால் என்ன?

"மாற்றட்டும்" என்றாள் செவலை.

செண்பகம் 'ஆம்' என்பதைத் தட்டினாள்.

கண்ணை மூடித் திறந்ததுபோல் இருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு ஜோடி. காவலாள். ஒற்றைப் பத்து. காது மடிப்பில் நிழல் தனியாக, நிம்மதியாக விழுந்திருந்தது. மூக்கு மூக்கின் இடத்தில் இருந்தது. கத்துவதற்கு யாருக்கும் எதுவும் இல்லை. தான் புதியவளா பழையவளா என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. வாசலில் அவிழ்ப்பான் இன்னும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது நினைவில் இருந்தது. அது யாருடைய நினைவு என்றும் தெரியவில்லை.

"நெற்றியைக் காட்டு" என்றான் படங்காட்டி. குனிந்தான். நிமிர்ந்தான். வழிவிட்டான்.

கண்ணாடி நிறைய ஒரு செவலை நாய் எழும்பியது. வண்டிச் சக்கரத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, படம் எடுப்பவனைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு காது விறைத்து நின்றது. மற்றது மடங்கித் தொங்கியது.

பரமசிவன் கண்ணாடிக்குக் கிட்டே குனிந்தார். நாக்கை மேலண்ணத்தில் தட்டி, "ச்சூ... ச்சூ..." என்று கண்ணாடியைப் பார்த்துக் கூப்பிட்டார். பிறகு வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் சந்தைச் சுவர்களிலெல்லாம் செவலை ஒட்டப்பட்டாள். தயிர்ப்பானையோடு வந்த ஒருத்தி சுவரின் முன் நின்று, "ஏ, இந்தக் காதை நான் பாத்தனே. எங்க ஊர்ப் பால் சொசைட்டி வாசல்லல்லா படுத்துக் கெடக்கு" என்றாள்.

மறுநாள் நாய் அச்சகத்துக்கே வந்தது. பரமசிவன் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, செண்பகத்துக்கு ஒரு தம்ளர் பருத்திப்பாலோடு உள்ளே வந்தார். செண்பகம் ஆசையாகப் படத்தைத் திறந்து நாய்க்குக் காட்டினாள்.

கண்ணாடிக்குள்ளிருந்து செவலை ஆவலாகப் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே இருந்த செவலை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தது. மேசைக் காலை மோந்தது. தம்ளரைப் பார்த்து வாலை ஆட்டியது.

"என்னைத் தெரியவே இல்லை அவளுக்கு" என்றாள் செவலை குழப்பத்தோடு. "நான் சரியாகத்தானே இருக்கிறேன்?"

வாசலிலிருந்து அவிழ்ப்பான் ஓடி வந்தான். கை தானாகக் கூடையை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. அவன் அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டான்.

"உன் வாலைப் படத்தில் கொஞ்சம் ஆட்டினாற்போல் வைத்தால் அவளுக்கு அடையாளம் தெரியுமோ என்னமோ" என்றான் தயங்கித் தயங்கி. "சின்ன வேலைதான். செய்யட்டுமா?"

ஊரே ஒரே குரலில் கத்தியது. "வேண்டாம்!"

அவிழ்ப்பான் பயந்து இரண்டடி பின்வாங்கினான். "கேட்கத்தானே செய்தேன்?"

"ஆமாம்" என்றாள் செவலை. "இந்த முறை கேட்டீர்கள்."